பெரும்பணியும் அதன் எல்லையும்

நம் இளைஞர்களில் பலர் இன்று மூளை உழைப்பால் வாழ்பவர்கள். கணினித் துறை, கணக்குத் தணிக்கை, ஆசிரியப் பணி என்று பல இடங்களில் இருக்கிறார்கள். விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்புவோரும் உண்டு. ஒரு நூல் எழுத வேண்டும், குடும்ப வரலாற்றைத் தொகுக்க வேண்டும் என்ற ஆசை இவர்களுக்கு இல்லாமல் இல்லை. கேட்டால் "நேரம் எங்கே ஐயா?" என்கிறார்கள்.

நேரக் குறைவு உண்மைதான். ஆனால் ஓய்வு பெற்று நாள் முழுவதும் சும்மா இருப்பவர்களும் தொடங்கியதை முடிப்பதில்லையே! பணிக்கு எல்லை வகுக்காததும், எந்த நிலையில் அதை அச்சேற்றலாம் என்று முடிவு செய்யாததுமே பெரிய தடை என்பது என் கருத்து. இதற்குத் தமிழிலேயே நல்ல பாடம் உண்டு.

ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னைப் பச்சையப்பன் கல்வி நிலையத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். புராணங்களில் வரும் பெயர்களை அகரவரிசையில் தொகுப்பதுதான் அவர் முதலில் எடுத்துக்கொண்ட வேலை. பிறகு புலவர்கள், அரசர்கள், நூல்கள், சமயச் செய்திகள் என்று அது விரிந்து 'அபிதான சிந்தாமணி' ஆயிற்று. பள்ளி வேலைக்கு நடுவே தனி ஒருவராகச் செய்த தொகுப்பு இது. அச்சிடும் வசதி அவருக்கு இல்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். 1910இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் கொண்ட நூலாக வெளிவந்தது.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். நூல் முழுமை அடைந்துவிட்டது என்று முதலியார் ஓய்ந்துவிடவில்லை. அதன் பிறகும் செய்திகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1931இல் அவர் காலமானார். விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934இல், 1,600 பக்கங்களைத் தாண்டி, அவர் மகனின் முயற்சியால் வெளிவந்தது. "எல்லாம் சேரட்டும், பிறகு அச்சிடலாம்" என்று 1910இல் அவர் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மகன் கையில் கிடைத்திருப்பது ஒரு தாள் குவியல். எதைச் சேர்க்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்பதை அச்சான முதற்பதிப்பே காட்டியிருக்கும்.

குழுவாகச் செய்யும் பணிக்குத் தமிழ்ப் பேரகராதியைப் பார்க்கலாம். 1913இல் தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் செலவாகும் என்று மதிப்பிட்டார்கள். முடிந்தபோது நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதினோராண்டு கழித்து, 1924இல்தான் அச்சு வெளிவரத் தொடங்கியது. 1926இல் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். 1936இல் ஆறு தொகுதிகளும், ஒரு லட்சத்து நான்காயிரத்துக்கு மேற்பட்ட சொற்களுடன், முடிந்தன. விடுபட்ட சொற்கள் இல்லாமலா? பதின்மூன்றாயிரத்துக்கு மேல் இருந்தன! அவற்றுக்காக அச்சு வேலையை நிறுத்தவில்லை. 1939இல் அனுபந்தமாகத் தனியே வெளியிட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் புதிய யோசனை சொல்லி வேலையை நீட்டும் நம் நிர்வாகக் குழுவினர் (என்னையும் சேர்த்துத்தான்) அந்த அனுபந்தத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இதை இந்த மலரில் எழுதக் காரணம் இருக்கிறது. நம் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றைத் தொகுக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் தாமான்கள் வந்துவிட்டன. லயங்கள் இல்லை. சில கோயில்கள் இடம் மாறிவிட்டன. தீமிதிக் குழி எங்கே இருந்தது, முதல் கரகம் எடுத்தவர் யார், தோட்டப் பள்ளியின் முதல் வாத்தியார் எந்த ஊர்க்காரர் என்று சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். புலனக் குழுவில் அவர்கள் குரலைப் பதிவிட்டால் நாலு நாளில் அது வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடுகிறது.

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவே. ஜொகூர் முழுவதையும் எழுதப் புறப்பட வேண்டாம். ஒரு தோட்டம், நான்கு பக்கம். ஒருவர் கேட்டு எழுதட்டும், இன்னொருவர் பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்க்கட்டும். வாரத்தில் ஒரு மாலை போதும். உறுதியாகத் தெரியாத ஆண்டுக்கு இடத்தை வெறுமையாக விட்டு அச்சிடுவோம். அந்த வெற்றிடத்தைப் பார்த்து யாராவது ஒரு பெரியவர், "அது ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு தம்பி" என்று சொல்ல வருவார். வகுப்பில் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னால், முதலில் ஓரக் கோடு போடச் சொல்வேன். இதுவும் அப்படித்தான்.

குறிப்பேடு ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் நான் அங்கே இருப்பேன். பழைய படங்கள் வைத்திருப்போர், அதில் இருப்பவர்களின் பெயரைத் தனித்தாளில் எழுதி உடன் கொண்டு வரவும். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.