தங்க ஓலையில் வந்த கோட்டை

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி என்று சுற்றுலா போய் வந்தோம். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் சரி. டென்மார்க்காரர் இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவர்கள் புறப்பட்டது இலங்கைக்கு. போர்த்துக்கீசியரை எதிர்க்கக் கண்டி அரசருக்கு உதவுவது என்ற கணக்கில், 1618-இல் ஓவே ஜெட்டே தலைமையில் டென்மார்க் கப்பல்கள் கிளம்பின. கண்டிக் காரியம் கைகூடவில்லை. முன்னால் வந்த ஒரு கப்பலோ காரைக்கால் பக்கம் போர்த்துக்கீசியரிடம் சிக்கிச் சிதைந்தது. தப்பிய சிலர் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். 1620 நவம்பரில் நாயக்கரோடு ஒப்பந்தம் ஆனது. மீனவர் ஊரான தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. அதாவது, சண்டை போட்டுப் பிடித்த மண் இல்லை, கேட்டு வாங்கிய மண்.

கேள்வி: அந்த ஒப்பந்தக் காலத்துத் தங்க ஓலையைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தேடினேன். காணோமே?

பதில்: இங்கே தேடிப் பயனில்லை. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் எழுதிய கடிதம் அது. பனையோலை போல நீளமாக வெட்டிய தங்கத் தகட்டில் தமிழ் எழுத்து. கடிதம் பெற்றவரிடம்தானே இருக்கும்? கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடியில் சீனத்துத் தேயிலை ஜாடிகளும் சிறு பீரங்கிக் குண்டுகளும் திமிங்கில எலும்பும் பார்க்கலாம்.

கேள்வி: 'அலைகள் பாடும் ஊர்' என்பதால் தரங்கம்பாடி என்றார் கைடு. உண்மையா?

பதில்: காதுக்கு இனிமைதான். தரங்கம் என்றால் அலை, அது சரி. 'பாடி' பாடுவதில்லை, ஊர் என்று பொருள். காட்பாடியும் வாணியம்பாடியும் என்ன பாடுகின்றன? இதே ஊருக்குப் பழைய கல்வெட்டில் 'சடங்கன்பாடி' என்று பெயர். தரங்கம்பாடி ஐரோப்பியர் வாயில் 'டிராங்கிபார்' ஆயிற்று.

கேள்வி: பிறகு ஏன் விட்டுப் போனார்கள்?

பதில்: வியாபாரம் படுத்துவிட்டது. 1845-இல் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். ஆனால் 1706-இல் வந்து இறங்கிய மதபோதகர் சீகன்பால்கு இங்கே நிறுவிய அச்சகம்தான், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்தது. கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்பாமல், ராஜவீதியில் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.