கையெழுத்தும் தலையெழுத்தும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

“கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது” என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கிறுக்கி எழுதும் மாணவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கையெழுத்தைப் பார்த்தே தலையெழுத்தைச் சொல்லிவிடலாம், பிறந்த தேதியும் சேர்ந்துவிட்டால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம் என்று தொழில் நடத்துவோரும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரைக் கோனியம்மன் கோயில் தேர்த் திருவிழாவின்போது ஒப்பணக்கார வீதியில் நானும் என் வகுப்புத் தோழரும் சந்திக்க நேர்ந்தது.

ஒரு மேசை, ஒரு குடை, ஒரு பலகை. இவைதாம் அவருடைய நிலையம். பிறந்த தேதியையும் ஐந்து வரிகளையும் எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எங்கள் குணநலன்களை ஆளுக்கொரு தாளில் எழுதித் தந்தார். என் தாளில் இருந்தவை இவை: “உமக்குத் தன்மானம் அதிகம், ஆயினும் பிறர் மனம் நோகாமல் நடப்பீர். வெளியே தைரியம், உள்ளே கவலை. உழைப்புக்கேற்ற பாராட்டு இன்னும் கிட்டவில்லை. பணம் வரும், கையில் தங்காது. நம்பிய ஒருவரே உம்மை ஏமாற்றியிருப்பார்.” உண்மையைச் சொல்வதானால் எனக்கு மெய் சிலிர்த்தது. என்னை இவ்வளவு தெரிந்தவர் என் வீட்டிலும் இல்லை என்று நினைத்தேன். தோழரும் அவ்வாறே நினைத்தார். பேருந்தில் உட்கார்ந்து தாள்களை மாற்றிப் படித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. இரண்டிலும் அதே ஐந்து செய்திகள், வரிசை மட்டும் வேறு. என் எண் 3, அவர் எண் 7. என் எழுத்து வலப்புறம் சாயும், அவர் எழுத்து இடப்புறம் சாயும்.

இதற்கு விடை பிற்பாடு கல்லூரி நூலகத்தில் கிடைத்தது. பெர்ட்ராம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1948ஆம் ஆண்டில் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் குணச்சித்திரம் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் எல்லோருக்கும் தந்தது ஒரே தாள் என்பதை வெளிப்படுத்தினார். அதிலிருந்த வாக்கியங்களிற் பெரும்பாலானவை கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை! அமெரிக்க மாணவர்களே ஏமாந்தார்கள் என்று அறிந்தபின் என் ஐம்பது ரூபாய்க்காக நான் வருந்தவில்லை.

இனிப் பிறந்த தேதிக்கு வருவோம். எண் ஜோதிடத்தில் தேதியின் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்குவர். 28ஆம் தேதி பிறந்தவருக்கு 2+8=10, 1+0=1. இம்முறையை உலகெங்கும் பரப்பியவர்களுள் முக்கியமானவர் அயர்லாந்தில் பிறந்த கீரோ என்பவர் (1866–1936). ஒரு மாலை நான் நாட்காட்டியை வைத்துக்கொண்டு, 365 நாட்களில் எந்த எண்ணுக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். 1க்கு 48 நாட்கள், 2க்கும் 3க்கும் 47, 4க்கு 43, 5 முதல் 9 வரை தலைக்கு 36. ஆக, நாட்டில் தலைமைக் குணம் கொண்ட ஒன்றாம் எண்காரர்கள் எட்டாம் எண்காரர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். காரணம் சூரியனும் அன்று, சனியும் அன்று. மாதம் 30, 31 நாட்களோடு முடிகிறது, அவ்வளவுதான். 36 நாட்களோடு முடிந்திருந்தால் எல்லா எண்ணுக்கும் சமபங்கு கிடைத்திருக்கும்.

நாட்காட்டியும் ஒன்றல்லவே. 2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் ஜனவரி 15. அன்று பிறந்த குழந்தையின் எண் 6. 2025இல் ஜனவரி 14, அக்குழந்தைக்கு 5. தமிழ்த் தேதியைக் கேட்டால் இருவருமே தை 1ஆம் தேதிக் குழந்தைகள், எண் 1. எந்த எண்ணின் குணம் குழந்தைக்கு வரும்? 1752இல் இங்கிலாந்தும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளும் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாளே 14 ஆயிற்று. இரவோடிரவாக எண் இரண்டு ஐந்தாக மாறிவிட்டது. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு வலி மாறியிராது.

எண் ஜோதிடம் புதிய சரக்கு, அதைத் தள்ளிவிடலாம். நம் முன்னோர் நட்சத்திர ஜோதிடம் அப்படியல்ல என்பார் உளர். சந்திரன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 27.3 நாட்களாகும். அப்பாதையை 27 கூறாக்கி நட்சத்திரப் பெயர் இட்டனர். ஆகவே ஒரு நட்சத்திரத்தில் சந்திரன் தங்குவது சற்றேறக்குறைய ஒரு நாள். இது கண்ணால் பார்த்துக் கணக்கிட்ட நல்ல வானியல். இதில் எனக்குப் பெருமையே. குணத்தையும் விதியையும் அதன்மேல் ஏற்றும்போதுதான் சங்கடம்.

இச்சங்கடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் சின்னம்மாவின் ஜாதகத்தில் மூல நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறது. “ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்” என்னும் பழமொழியை அறியாதார் கொங்கு நாட்டில் இல்லை. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாதாம். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து, பலகாரம் தின்று, ஜாதகத்தை விரித்ததும், “மாப்பிள்ளைக்கு அப்பா இருக்கறாருங்களே” என்று எழுந்துவிடுவார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டே சின்னம்மா முப்பத்து மூன்று வயது வரை இதைக் கேட்டார். முடிவில் மாமனார் இல்லாத வீடாகத் தேடிப் பிடித்தார்கள்.

அந்த ஜாதகத்தை நான் வாங்கிப் பார்த்தேன். பிறந்த நேரம் உதயாதி 53 நாழிகை 20 விநாழிகை என்று இருந்தது. நம் கணக்கில் விடியற்காலை 3 மணி 20 நிமிடம். ஒரு விநாழிகை என்பது 24 விநாடி, அவ்வளவு நுட்பம்! சின்னம்மா பிறந்தது தோட்டத்துச் சாளையில். அங்கே கடிகாரமே கிடையாது. நேரம் எப்படித் தெரிந்தது என்று அம்மிச்சியைக் கேட்டேன். “வெள்ளி மொளச்சுது கண்ணு, அப்பறம் கோழி கூப்புட்டுது. ரெண்டுக்கும் நடுவால பொறந்தவ உங்க சின்னம்மா” என்றார்.

வெள்ளிக் கோள் சில மாதங்கள் மாலையிலும் சில மாதங்கள் விடியலிலும் தோன்றுவது. விடியலில் தோன்றும் காலத்திலும் சூரியனுக்கு அரை மணி முன்னும் எழும், மூன்று மணி முன்னும் எழும். கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முழக்கோலால் அளந்துவிட்டு மில்லிமீட்டரில் எழுதினால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். அன்றைக்கு மூலம் முடிந்து பூராடம் தொடங்க இரண்டே நாழிகை, அதாவது 48 நிமிடம் இருந்தது என்று வேறொரு ஜோதிடர் பின்னாளில் கணித்துச் சொன்னாராம். பூராடம் என்று திருத்தி எழுதிவிடலாமே என்றால், “பூராடம் நூலாடாது” என்று அதற்கும் ஒரு பழமொழி, தாலி நிலைக்காதாம். இன்னும் ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது. ஆக 27இல் 5. நம் கல்லூரியில் பயிலும் மாணவியரில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் பிறந்தபோதே யாரோ ஒருவரைக் கொல்லக் குற்றம் சாட்டப்பட்டவர்! இப்பட்டியலில் ஆண்களுக்கு இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பஞ்சாங்கங்களாவது ஒத்துப்போகின்றனவா என்றால் அதுவும் இல்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் சனி மீனத்துக்குப் பெயர்ந்தது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. சனிக்கோள் என்னவோ ஒன்றுதான்.

“ஆயினும் நல்ல ஜோதிடர் சொன்னால் பலிக்கும்” என்பார்க்கு, நம் நாட்டிலேயே நடந்த சோதனை ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2008இல் வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகரும் (1938–2025) நரேந்திர தாபோல்கர் முதலியோரும் சேர்ந்து மகாராட்டிரத்தில் இதை நடத்தினர். படிப்பில் சிறந்த மாணவர் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர் ஆகியோரின் பிறந்த விவரங்களைத் திரட்டினர். முன்வந்த 51 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகங்கள் கொடுத்து, எது எந்த வகைக் குழந்தையுடையது என்று மட்டும் கேட்டனர். 27 பேர் விடை அனுப்பினர். சராசரியாகச் சரியானவை நூற்றுக்கு 46. காசு சுண்டியிருந்தாலும் 50 வந்திருக்கும். அவர்களுள் மிகச் சிறந்தவர் 40க்கு 24 சரியாகச் சொன்னார். பாராட்டத் தோன்றும். ஆனால் 27 பேர் ஆளுக்கு 40 முறை காசு சுண்டினால் அவர்களில் மூன்று அல்லது நான்கு பேருக்கு 24க்குக் குறையாமல் சரியாக விழும் என்பது நிகழ்தகவுக் கணக்கு. ஐயமுடையோர் போட்டுப் பார்க்கலாம். தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைக்குச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசுவது அவ்வளவு எளிய பொழுதுபோக்கன்று.

இவர்களுக்கு முன்பே இலங்கையில் டாக்டர் ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் அறிவித்தார். பத்து ஜாதகங்களைப் பார்த்து, யார் ஆண், யார் பெண், யார் உயிரோடிருப்பவர், யார் இறந்தவர் என்று மட்டும் சொன்னால் போதும் என்பது அவர் ஜோதிடர்களுக்கு வைத்த சோதனை. 1978இல் அவர் மறையும்வரை அப்பணத்தை எவரும் வெல்லவில்லை. இப்படியிருக்க, 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தைப் பட்டப் படிப்பாக்க முனைந்ததும், அதை எதிர்த்த வழக்கை 2004இல் உச்ச நீதிமன்றம் தள்ளியதும் அறிவியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

கையெழுத்தின் கதை சற்று வேறு; அதில் உண்மையும் கலந்திருக்கிறது. ஒருவர் எழுத்தைப் போல் இன்னொருவர் எழுத்து இராது. ஆகையால் ஒரு பத்திரத்தை எழுதியவர் இன்னாரா என்று ஒப்பிட்டுச் சொல்லும் வல்லுநரின் கருத்தை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஏற்றது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்துள்ள புதிய சட்டமும் ஏற்கிறது. நடுக்குவாத நோய் கண்டவரின் எழுத்து வரவரச் சிறுத்துப்போவதை மருத்துவர்கள் கவனிக்கின்றனர். ‘எழுதியவர் யார்’ என்பது ஒரு கேள்வி. ‘எழுதியவர் எப்படிப்பட்டவர்’ என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்குள்ள மதிப்பை இரண்டாவதற்கும் இரவல் வாங்கிக்கொள்வதில்தான் இவ்வியாபாரம் நடக்கிறது.

கையெழுத்திலிருந்து குணத்தை அறிவது பற்றி இத்தாலியரான கமில்லோ பால்டி 1622இலேயே நூல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதற்குத் தனிப்பெயர் சூட்டி ஒரு கலையாக்கினார். பிரான்சில் வேலைக்கு ஆளெடுக்கவும் அதைப் பயன்படுத்தினர். 1989இல் நெட்டர், பென்-ஷகார் என்னும் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் அதுவரை நடந்த 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தனர். எழுதியவர் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதிய தாள்களைப் பார்த்தபோது கையெழுத்து நிபுணர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். ஆனால் அக்கலையே தெரியாத உளவியலார் அதே தாள்களைப் படித்து அவர்களுக்குக் குறையாமல் சொன்னார்கள். ஆள் தெரிந்தது எழுத்தின் வளைவில் இல்லை, எழுதிய செய்தியில்.

அந்த விதிகள் நமக்கு எப்படிப் பொருந்தும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. ஆங்கில ‘டி’ எழுத்தின் குறுக்குக்கோடு உயரத்தில் இருந்தால் இலட்சியவாதி என்பர். தமிழில் அப்படியொரு கோடு ஏது? எழுத்தைக் கோத்து எழுதினால் தர்க்க அறிவு, பிரித்து எழுதினால் உள்ளுணர்வு என்பர். தமிழைப் பிரித்துத்தான் எழுத முடியும்; அப்படியானால் தொல்காப்பியருக்குத் தர்க்கம் தெரியாதா? ஊராட்சிப் பள்ளியில் தரையில் உட்கார்ந்து, மடியில் நாலு கோடு நோட்டை வைத்து ஆங்கிலம் எழுதப் பழகியவனின் எழுத்து ஒரு பக்கம் சாயும். பெஞ்சும் நல்ல பேனாவும் கண்டவனின் எழுத்து நேராக நிற்கும். அதைக் குணம் என்று எழுதிக்கொடுத்தால், எங்களைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் எல்லோரும் தன்னம்பிக்கை அற்றவர்கள் என்றாகிவிடும்.

என் தாத்தா கடைசி வரை கைநாட்டு. அவருக்குக் கையெழுத்தே இல்லை. குணம் இல்லாதவர் என்று ஊரில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. அம்மிச்சி 1990களில் அறிவொளி இயக்கம் வந்தபோது இரவில் போய்க் கையெழுத்திட மட்டும் கற்றுக்கொண்டார். பிறந்த நாள் அவருக்கும் தெரியாது. பவானிசாகர் அணை கட்டி முடிந்த வருசம் என்பார், அது 1955. ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்றிருக்கிறது. தேர்க்கடைக்காரர் கணக்கில் அவர் தலைமை தாங்கப் பிறந்த ஒன்றாம் எண்காரர்.

அக்கடைப் பலகையில், கையொப்பம் போகப்போகக் கீழே இறங்கினால் மனச்சோர்வு என்று எழுதியிருந்தது. அம்மிச்சியின் கையொப்பம் நன்றாக இறங்கும். பெயரின் கடைசி ‘ள்’ கோட்டைத் தாண்டிக் கீழே நிற்கும். முதியோர் உதவித்தொகைக்கு வங்கிப் படிவம் நிரப்பிய அன்று, ஏன் இப்படிக் கீழே போகிறது என்று கேட்டேன்.

“அவிய போட்ட கட்டம் அத்தனூண்டுதான் கண்ணு. எம் பேரு பெருசாச்சே” என்றார்.