பணம் கேட்டால் 'அடுத்த வாரம்'!

கேள்வி: திண்டுக்கல் கடைகளுக்கும் வேடசந்தூர் மில்களுக்கும் தனியாளாக பில்லிங் சாஃப்ட்வேர் செய்துதருகிறேன். "இதையும் சேர்த்துடுங்க தம்பி" என்று வேலையைக் கூட்டுகிறார்கள், பணத்துக்கு இழுத்தடிக்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், நாகல் நகர்

பதில்: 'தம்பி' என்றதும் எதையும் எழுதி வாங்காமல் விட்டுவிடுகிறீர்கள், அங்கேதான் கோளாறு. என்ன வேலை, எவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலாவது ஒப்புதல் வாங்குங்கள். முன்பணம் வராமல் கணினியைத் தொடாதீர்கள். சிறு தொழில்களைப் பதியும் அரசின் உத்யம் தளத்தில் பதியுங்கள், கட்டணமில்லை. பதிந்தவர்களுக்கு, 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தமே போட்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை சொல்ல முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பழைய பாக்கிக்கு இந்தப் பதிவு உதவுவது சந்தேகம். அடுத்த வேலைக்கு முன்பாகவே பதிந்துவிடுங்கள்.