வைக்கோலும் வாயுவும் நுண்ணுயிரும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அந்நாளில் தமிழகத்துச் சாலைகளில் கரிவாயுப் பேருந்துகள் ஓடின. வண்டியோடு ஓர் உருளை அடுப்பைப் பொருத்தி, மரக்கரியைப் போதாத காற்றில் எரித்து, எழும் வாயுவை எஞ்சினுக்குச் செலுத்தினர். டி.வி.எஸ். நிறுவனம் அக்கருவியைச் செய்து வழங்கியது. நம் பெரியவர்களுள் சிலர் தம் பெற்றோர் சொல்ல இதனைக் கேட்டிருப்பர். அவ்வாயுவில் எரியும் தன்மையுடையவை முதன்மையாக இரண்டு: கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன். இவ்விரண்டின் கலவையே இன்று தொகுப்பு வாயு எனப்படுகிறது. அன்று எஞ்சின் உண்ட வாயுவை இன்று நுண்ணுயிர் உண்டு எத்தனால் தருகிறது. அது எங்ஙனம் என்பதையும், நெல் விளையும் நெரவிக்கு அதனால் ஆவது யாது என்பதையும் காண்போம்.

மாவு புளிப்பதும் கள் நுரைப்பதும் நம் மொழி நெடுங்காலமாக அறிந்தவை. அவற்றில் நுண்ணுயிர் உண்பது மாவையும் சர்க்கரையையும். வாயுவையே உண்டு வாழும் உயிரோ நமக்குப் புதிது. கிளாஸ்ட்ரிடியம் இனத்தைச் சேர்ந்த இப்பாக்டீரியங்களுக்கு உயிர்வளி ஆகாது. இவற்றுள் ஒன்றை அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தார் கோழிக் கழிவிலிருந்து பிரித்தெடுத்தனர். மற்றொன்று முயற்சாணத்திலிருந்து கிடைத்தது. பெல்ஜிய அறிஞர் 1994இல் அதனை விவரித்தனர். மனிதரைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு இவற்றுக்கு உணவு! ஆறு மூலக்கூறு கார்பன் மோனாக்சைடு நீருடன் கூடி ஒரு மூலக்கூறு எத்தனாலாகிறது. நான்கு மூலக்கூறு கரியமிலவாயு வெளியேறுகிறது. ஹைட்ரஜன் மிகுந்திருப்பின் அவ்விழப்பு குறையும். உடற்சூட்டை ஒத்த 37 பாகை வெப்பமே போதும். உலோக வினையூக்கிகளைக் கொண்டு இதே வாயுவை எரிபொருளாக்கும் பழைய முறைக்கோ 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். எனினும் நுண்ணுயிர் முறையில் ஒரு பெருந்தடை உண்டு. இவ்வாயுக்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. நீரில் வாழும் உயிருக்கு வாயுவை ஊட்டுவதே பொறியாளர்க்குப் பெரும்பாடு.

இது ஏட்டளவில் நின்றதன்று. 2005இல் நியூசிலாந்தில் தோன்றிய லான்சாடெக் நிறுவனத்தின் முறையைக் கொண்டு, இந்தியன் ஆயில் நிறுவனம் அரியானா மாநிலத்துப் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு நிலையம் அமைத்தது. அங்கு ஹைட்ரஜன் பிரித்தபின் எஞ்சும் வாயுவே மூலப்பொருள். நாளொன்றுக்கு 128 கிலோலிட்டர் எத்தனால் தரவல்ல அந்நிலையம் 2023இல் உற்பத்தியைத் தொடங்கியது.

எத்தனால் என்றவுடன் நம் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். இது பருகுவதற்கன்று, எரிப்பதற்கு. மார்க்கச் சட்டம் பற்றிய வினா எழுமாயின் விடை பகர்வது ஆலிம்களின் பணி. நாம் அதில் தலையிடோம். நம்மை உறுத்துவது வேறொன்று. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையை நாடு 2025இல் எட்டியது. அதன் பொருட்டுக் கரும்பு, மக்காச்சோளம் மட்டுமன்றி, இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் ஆலைகளுக்குச் செல்கிறது. காவிரியின் கடைமடையில் நீருக்குக் காத்திருந்து விளைவித்த நெல் வண்டிக்கு இரையாவதை உழவர் எவ்வாறு ஏற்பர்? தானியத்தைத் தொடாமல் எரிபொருள் பெறலாம் என்பதாலேயே வாயு நொதித்தல் நம் கருத்தைக் கவர்கிறது.

நெரவிக்கு எரிவாயு புதிதன்று. எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் பிரிவு அலுவலகம் இங்குதான் உள்ளது. அண்மையிலுள்ள திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் எரிவாயு கொண்டு இயங்க அமைந்தது. இயற்கை எரிவாயுவைத் தொகுப்பு வாயுவாக்கிப் பின் எத்தனாலாக்குவது வீண்சுற்று. நேரே எரிப்பதே அறிவுடைமை. நம்மிடம் எண்ணத்தக்கது வைக்கோலே. ஒரு டன் நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு டன் வைக்கோல் கிடைக்கும். நொதிக்க இயலாத லிக்னின் என்னும் மரச்சத்தும் வாயுவாக்கினால் பயன்படும் என்பது இம்முறையின் தனிச்சிறப்பு.

ஆயினும் வைக்கோல் எளிய எரிபொருளன்று. அதில் சாம்பல் மிகுதி. சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. மிகு வெப்பத்தில் அது உருகிக் கட்டிபட்டு உலையை அடைக்கும். வாயுவில் கலந்துவரும் தாரையும் நஞ்சையும் நீக்குதல் வேண்டும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து வீரோ பீச் என்னுமிடத்தில் ஐனியோஸ் நிறுவனம் தாவரக் கழிவைக் கொண்டு அமைத்த ஆலை 2013இல் எத்தனால் தந்தது. வாயுவிலிருந்த ஹைட்ரஜன் சயனைடு நுண்ணுயிரைக் கொன்றது. 2016இல் அந்நிறுவனம் ஆலையை விற்க முற்பட்டது. பானிப்பட் வெற்றியைக் கூறுவோர் இதனையும் கூறுதல் முறை. ஆலை வாயு ஓரளவு சீரானது. வயல் வைக்கோலோ மழையில் நனையும், மண் கலக்கும், பருவத்திற்கு ஒருமுறையே கிடைக்கும்.

இவற்றினும் முதன்மையான வினா, வைக்கோல் யாருடையது என்பது. நகரத்தார் அதனைக் கழிவு என்பர். மாடு வளர்ப்போர்க்கு அது தீவனம். மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். கட்டாக விற்றால் உழவர்க்குக் கைச்செலவுக்குப் பணம். மாட்டுக்கும் மண்ணுக்கும் போக எஞ்சுவது எவ்வளவு என்று ஊர்தோறும் கணக்கெடுக்காமல் ஆலை பற்றிப் பேசுவது முறையன்று. நெரவியில் அக்கணக்கை நம் மாணவரே எடுக்கலாம். அறுவடை முடிந்ததும் வயலுக்குச் சென்று, வைக்கோல் எத்தனை கட்டு, எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று உழவரிடம் கேட்டு எழுதினால் போதும்.