பேசும் பொம்மை பாடம் சொல்லித் தருமா?

என் மகளின் முதல் பிறந்த நாளுக்கு, பட்டனை அழுத்தினால் எழுத்துகளும் விலங்குகளின் குரல்களும் ஒலிக்கும் பொம்மை லேப்டாப் ஒன்றை வாங்கினேன். அது பேசத் தொடங்கியதும் நானும் மனைவியும் அவளுடன் பேசுவதை நிறுத்திவிட்டோம். இதை உணரவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

திறந்து பார்த்தேன் (கம்ப்யூட்டர்காரன் புத்தி!). உள்ளே கறுப்புப் பிசின் பூசிய ஒரு சிப், ஒரு சிறிய ஸ்பீக்கர். மைக் கிடையாது. குழந்தை என்ன சொன்னாலும் அதற்குக் கேட்காது. பதிவு செய்த ஒலியையே திருப்பித் திருப்பித் தரும்.

அமெரிக்காவின் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா 2015 இறுதியில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 குழந்தைகள் வீட்டில் பெற்றோருடன் விளையாடியதை அவர் ஒலிப்பதிவு செய்தார். பெற்றோர் நிமிடத்திற்குப் பேசிய சொற்கள், எலக்ட்ரானிக் பொம்மை இருந்தபோது சுமார் 40, சாதாரண பொம்மைக்கு 56, புத்தகத்திற்கு 67. சிறிய ஆய்வுதான். ஆனால் என் வீட்டில் நடந்ததும் அதுவே.

வாங்கியே தீர வேண்டுமென்றால், பேட்டரி மூடி ஸ்க்ரூவால் இறுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடலாம்.

எங்கள் பொம்மையை நான் தூக்கி எறியவில்லை. பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டேன். இப்போது அவள் மாட்டுப் படத்தை அழுத்தினால் நான்தான் "ம்மா" என்று கத்துகிறேன்.