புதிதாகப் பணியேற்ற உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு

தமிழ்நாட்டின் உணவகங்களையும் தட்டுக்கடைகளையும் ஆய்வு செய்யும் பொறுப்பேற்றுள்ள இளம் அலுவலருக்கு,

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்தபோது, 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் விடைபெற்றது. கலப்படக்காரரைப் பிடித்துத் தண்டிப்பதையே பெரிதாகக் கருதிய பழைய நோக்கு போய், உணவு கெடுமுன் தடுக்கும் நோக்கு ஏட்டளவில் வந்தது. பழக்கத்தில் பழையது இன்னும் போகவில்லை. கெட்ட இறைச்சியைக் கொட்டிப் பினாயில் ஊற்றும் காட்சி தொலைக்காட்சியில் வருகிறது. மேம்பாட்டு அறிவிப்பு எழுதப்படும் காட்சி வருவதில்லை. புதிய அலுவலரின் திறமை வளர வேண்டிய இடம் பின்னதுதான்.

மேம்பாட்டு அறிவிப்பு என்பது, குறை இன்னது, அதைச் சரிசெய்யும் வழி இன்னது என்று சுட்டி, குறைந்தது 14 நாள் அவகாசம் அளித்து, 32ஆம் பிரிவின் கீழ் மேலதிகாரியான நியமன அலுவலர் பிறப்பிக்கும் ஆணை. கடைக்காரர் அதற்கு இணங்காவிட்டால் உரிமம் நிறுத்திவைக்கப்படலாம். கையொப்பம் நியமன அலுவலருடையதே ஆயினும், அதற்கு அடிப்படை ஆய்வுக்குச் சென்றவரின் அறிக்கை. ‘சமையலறை சுகாதாரமின்றி இருந்தது’ என்ற வரி எந்தக் கடைக்கும் பொருந்துமாதலால் எந்தக் கடையையும் திருத்தாது. ‘காலையில் வடித்த சோறு பகல் ஒரு மணிக்கு மூடாத அண்டாவில் 38 டிகிரி செல்சியஸில் இருந்தது’ என்ற வரியோ, கடைக்காரருக்கு வேலையையும் மேல்முறையீட்டில் அலுவலருக்கு வலுவையும் தருகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. சோற்றில் ‘பேசில்லஸ் செரியஸ்’ என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தங்கி, சோறு ஆறிக் கிடக்கையில் முளைத்து, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழிவதில்லை. ஆகவே அலுவலரின் பையில் அபராத ரசீதுப் புத்தகத்தைவிட முதலில் இருக்க வேண்டியது வெப்பமானி.

மாதிரி எடுப்பதில் அவசரம் கூடவே கூடாது. எடுத்த பொருளுக்கு வழக்கமான விற்பனை விலையைக் கொடுத்து, சாட்சியை உடன் வைத்து, மாதிரியை நான்காகப் பிரித்து, ஒன்றை உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டை நியமன அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். கடைக்காரர் கேட்டால் நான்காவது, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகும். பால் வழியில் திரிந்துவிடாதபடி ஃபார்மலின் சேர்ப்பதுண்டு. மாதிரியின் உறைமேல் குறியீட்டெண் கொண்ட தாளை மேலிருந்து கீழாக ஒட்டி, கடைக்காரரின் கையொப்பம் பாதி தாளிலும் பாதி உறையிலும் படியுமாறு வாங்குவது, பிரித்து ஒட்டினால் காட்டிக்கொடுப்பதற்காக. இதைச் சடங்கு என்று எண்ணி விரைவாக முடிக்கும் அலுவலருக்கு, நல்ல வழக்கொன்று நடுவர் முன் சரிந்துவிழும்போதுதான் இதன் அருமை புரிகிறது.

அதிகாரம் ஒருபக்கமானதன்று. போதிய காரணமின்றி உணவைக் கைப்பற்றினாலோ கடைக்காரருக்குத் தீங்கு செய்தாலோ அலுவலருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 39ஆம் பிரிவு இடமளிக்கிறது. அலுவலர்மீது பொய்ப்புகார் சொல்பவருக்கும் அதே பிரிவில் தண்டனை உண்டு. வடைச்சட்டியில் எண்ணெய் கறுத்திருக்கிறது என்பதற்காகவே கொட்டச் சொல்வதும் சரியன்று. நிறம் ஐயத்தை எழுப்பலாமே தவிர, முடிவு சொல்வது அளவுமானி. திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் சேரும் சிதைபொருள்களின் தொகுதிக்கு மொத்தத் துருவச் சேர்மங்கள் என்று பெயர். 2018 ஜூலை 1 முதல் அது 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலில் பயன்படுத்தக் கூடாது.

பொதுமக்களிடம் பேசும்போது 40ஆம் பிரிவைச் சொல்வது நல்லது. வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி, எவரும் உணவைப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். குறை உறுதியானால் கட்டணம் திருப்பித் தரப்படும். எந்த விண்ணப்பம், எந்த ஆய்வகம், எவ்வளவு கட்டணம் என்பதை அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்ட ஒரு தாள் போதும்.