உடன்படிக்கையில் ஒரு சொல்: அயலுறவுக் கல்வியும் தமிழ் மாணவரும்

முன்னுரை

நாடுகளுக்கிடையேயான உறவுகளையும் அரசின் பொதுக்கொள்கைகளையும் ஆராயும் கல்வி, இன்று பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வளர்ந்து நிற்கின்றது. முதல் உலகப்போரின் அழிவைக் கண்டபின், 1919-இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் இதற்கெனப் பேராசிரியர் இருக்கை ஒன்று நிறுவப்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1937-இல் பொது நிருவாகத்தில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 1955-இல் தில்லியில் தோன்றிய இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி 1970-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று.

“இக்கல்வி தலைநகரத்தார்க்கும் ஆங்கிலவழிக் கற்றோர்க்குமே உரியது, தமிழ் பயின்ற நமக்கு அங்கு என்ன வேலை?” என்று நம் மாணவர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அரசுகள் படையால் மோதிக்கொண்டாலும், சொல்லால்தான் உடன்படுகின்றன. அச்சொல்லின் பொருளை ஆய்ந்து தெளிவதே அயலுறவுக் கல்வியின் உயிர்நிலை. சொல்லாய்வோ தமிழ் மாணவரின் பிறப்புரிமை.

இலக்கியம் காட்டும் நெறி

தலைவன் பிரிந்து செல்லும் காரணங்களுள் தூதையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரைப் புறநானூறு காட்டுகின்றது. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் அமைச்சு, சொல்வன்மை, தூது, ஒற்றாடல் எனத் தனித்தனி அதிகாரங்கள் அமைத்தார். அமைச்சை அடுத்துச் சொல்வன்மையை அவர் வைத்த முறை எண்ணி மகிழத்தக்கது.

ஹுதைபிய்யா தரும் பாடம்

கி.பி. 628-இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் மக்கத்துக் குறைஷியரும் ஹுதைபிய்யா என்னுமிடத்தில் உடன்படிக்கை செய்தனர். ‘அல்லாஹ்வின் தூதர் முஹம்மது’ என்று எழுதுவதைக் குறைஷியரின் பிரதிநிதி சுஹைல் இப்னு அம்ரு மறுத்தார். தோழர்கள் மனம் வருந்தினர். ஆயினும் அண்ணலார் அச்சொல்லை நீக்கி, ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என்று எழுத இசைந்தார்கள். எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விடலாகாது என்னும் தெளிவு அங்கே வெளிப்பட்டது. அவ்வுடன்படிக்கை அமைதிக்கு வழி திறந்தது.

பாண்டியரும் பாரசீக வளைகுடாவும்

மதுரையைத் தலைநகராகக் கொண்ட பாண்டியர், 13-ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீக நாடுகளிலிருந்து குதிரைகளைப் பெற்றனர். ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கலங்கள் காயலுக்கு வந்தமையை மார்க்கோபோலோ குறித்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அவ்வணிக ஏற்பாட்டையே விவரிக்கின்றார். கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவது. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை. வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை தருவது. இவை அவ்வேற்பாட்டின் கூறுகள். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தகியுத்தீன் பாண்டியர் அவையில் அமைச்சராக விளங்கினார் என்றும் அவர் எழுதுகின்றார்.

கடலில் நேரும் இழப்பு யாரைச் சேர்வது என்னும் வினா இன்றைய வணிக உடன்படிக்கைகளிலும் தலையாய வினாவே. இவ்வரலாற்றை முழுமையாக அறிய விழைவோர்க்குத் தமிழ்க் கல்வெட்டறிவு மட்டும் போதாது; பாரசீகமும் அரபியும் வேண்டும். மத்ரஸாவில் ஓதிய சிறு அரபியறிவையும் ஆய்வுக் கருவியாக வளர்த்துக்கொள்ளலாம் என்பதை நம் மாணவர் உணர்தல் வேண்டும்.

பெரியாற்று நீரும் எழுதாத சொல்லும்

மதுரைச் சமவெளியின் வயல்களே ஓர் உடன்படிக்கையின் பயனை நாள்தோறும் காட்டி நிற்கின்றன. 1886-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. பென்னிகுயிக் எழுப்பிய அணை 1895-இல் திறக்கப்பெற்றது. மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பி மேலூர் வரை பாய்ந்தது.

அந்நீரால் மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு முனைந்தபோது வழக்கு எழுந்தது. உடன்படிக்கை பாசனத்துக்கு மட்டுமே என்று திருவிதாங்கூர் வாதிட்டது. 1941-இல் நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி அவ்வாதத்தையே ஏற்றார். எழுதப்படாத ஒரு சொல் ஓர் அரசின் கையைக் கட்டியது. 1970-இல் ஏற்பட்ட துணை உடன்படிக்கைகளே மின்னாக்கத்துக்கு இசைவளித்தன. வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது.

அணையின் உறுதி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014 மே 7-இல் தீர்ப்பளித்து, 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றது. 1886-ஆம் ஆண்டின் உடன்படிக்கை செல்லும் என்பதும் அத்தீர்ப்பில் உறுதியாயிற்று. எனினும் கல்வி தீர்ப்போடு நின்றுவிடலாகாது. நீரை நம்பி நாற்றுப் பாவும் மேலூர் உழவரின் கவலை மெய். அணைக்குக் கீழே வாழும் இடுக்கி மக்களின் அச்சமும் மெய். இரண்டையும் அவரவர் மொழியில் படித்தறிபவரே கொள்கை வகுக்கத் தகுதியுடையவர். நம் பக்கத்துச் செய்தித்தாளை மட்டும் படிப்பவர் வழக்காடலாம்; தீர்வு காண இயலாது.

முடிவுரை

இக்கல்விக்குத் தமிழ் தடையன்று. இளங்கலையில் எப்பாடம் பயின்றவரும் இந்திய அயலுறவுப் பணிக்குரிய குடிமைப்பணித் தேர்வை எழுதலாம். முதன்மைத் தேர்வில் தமிழிலக்கியத்தை விருப்பப் பாடமாகக் கொள்ளலாம். தமிழிலேயே விடையும் எழுதலாம். ஆனால் தமிழ் மட்டுமே போதும் என்றிருப்பதும் தகாது. ஆங்கிலத்தோடு மலையாளம், சிங்களம், அரபி ஆகியவற்றுள் ஒன்றையேனும் கற்றல் வேண்டும். பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் மருத்துவம், பொறியியலுக்கு அளிக்கும் ஊக்கத்தில் ஒரு பங்கை இத்துறைக்கும் அளித்தல் வேண்டும்.

குறளுக்கு உரைகள் பல கண்டு, சொல்லுக்குச் சொல் வேறுபாடு அறிந்து பழகியவர் நம் மாணவர். அப்பயிற்சியோடு அவர்கள் உடன்படிக்கைகளை ஓதத் தொடங்குவார்களாயின், நாளை எழுதப்பெறும் உடன்படிக்கையில் ஏழை உழவனுக்கு வேண்டிய சொல் விடுபட்டுப் போகாது.